கோடையும் நீச்சலும்

மேல்நாட்டுக்காரர்களுக்குக் கோடை என்றால் தண்ணீர். நமக்குக் கோடை என்றால் தண்ணீர் இல்லாத காலம். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு நீச்சலைப் பற்றி எழுதப் புகுந்தால், எழுதுகிறவனும் வாசிக்கிறவரும் சேர்ந்தே மணலில் கைகால் அடிக்க வேண்டியதுதான்.

பாரிஸ் நகரத்து ஸேன் நதியில் குளிக்கக்கூடாது என்று 1923-ஆம் ஆண்டு தடை போட்டார்கள். நூறு ஆண்டுகள் அந்தத் தடை இருந்தது. பிறகு கோடி கோடியாகப் பணத்தைக் கொட்டி நதியைச் சுத்தம் செய்து, 2024-இல் ஒலிம்பிக் பந்தயத்தையே அதில் நடத்தினார்கள். 2025 ஜூலையில் பொதுமக்களுக்காக மூன்று இடங்களில் இறங்கு துறைகள் திறந்தார்கள். லண்டன்காரர்களுக்கு ஹாம்ஸ்டெட் மேட்டுக் குளங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் நகரத்தின் குடிதண்ணீருக்காக வெட்டிய குளங்கள் அவை. இன்று ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, இருபாலாருக்கும் பொதுவாக ஒன்று என்று பிரித்துக்கொண்டு நீந்துகிறார்கள். வெயில் தலைகாட்டினால் போதும், துண்டும் கையுமாகப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

நம் சென்னைப் பட்டணத்தைப் பாருங்கள். வாசலிலே வங்காளக் கடல். ஆனாலும் முழங்கால் அளவுக்கு மேல் இறங்கினால் போலீஸ்காரர் விசில் ஊதுகிறார். அவர் ஊதுவது நியாயம்தான். கரையை நோக்கி வந்த அலையின் தண்ணீர் ஏதாவது ஒரு பக்கமாகக் கூடிக்கொண்டு கடலுக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் அந்த இழுப்பில் மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எவ்வளவு அடித்தாலும் வந்து சேரமாட்டார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகிய பிறகுதான் கரைக்குத் திரும்பலாம். இது தெரிந்தவர் ஆயிரத்தில் ஒருவர். ஆகவே கடலுக்கு எதிரிலேயே, அதே மெரினாவில், மாநகராட்சி ஒரு நீச்சல் குளம் கட்டி வைத்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வேளச்சேரியில் கட்டிய குளமும் இருக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொல்லுவதற்கே மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் இருக்கும் என் நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் சித்திரை பிறந்ததும் என்னைக் கேட்பார்: "உங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் குழந்தைகளை நீந்த விட இடம் இருக்கிறதா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றும். யோசிக்க யோசிக்க அது அவ்வளவு சுலபமான கேள்வி அல்ல என்று தெரிகிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் என்று நான் சொல்வது கீழப்பழுவூரை. அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் இருக்கிறது. நான் பிறந்த கிராமம் அதற்குப் பக்கத்தில். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பழுவூர் என்றதும் பெரிய பழுவேட்டரையர் மீசையை முறுக்கிக்கொண்டு எதிரே நிற்பார். கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய அந்தக் கதையில், 64 விழுப்புண் சுமந்த அந்தக் கிழவரைக் கொள்ளிடத்து வெள்ளத்தில் படகோடு கவிழ்த்துவிடுகிறார். கிழவர் எப்படியோ போராடிக் கரையேறுகிறார். கதைதான் என்றாலும், பழுவூர்க்காரர் ஒருவருக்கு நீந்தத் தெரிந்திருந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

கதையை விட்டுப் புராணத்துக்குப் போனாலும் எங்கள் ஊரில் தண்ணீர்தான் முக்கியம். தாயைக் கொன்ற பாவம் நீங்கப் பரசுராமர் வந்து முழுகியது கீழப்பழுவூர்க் கோயில் தீர்த்தத்தில் என்பார்கள். மலையாளத்து அந்தணர்கள் இங்கே வந்து வழிபட்டதைச் சம்பந்தரும் தம் பதிகத்தில் சொல்லியிருக்கிறார். சேர நாட்டிலிருந்து மலை தாண்டி வந்தவர்களுக்கு ஆலந்துறை ஈசரோடு ஒரு குளமும் தேவைப்பட்டிருக்கிறது. பெயரிலேயே ஒரு துறை இருக்கிறது, கவனியுங்கள்.

ஆனால் சித்திரை மாதத்துக் கோயில் குளத்தில் நீந்துவது வேறு விஷயம். மழை பெய்தால் பச்சைத் தண்ணீர், வெயில் அடித்தால் வெடித்த சேறு. ஆற்றுக்குப் போகலாம் என்றால் மருதையாறு இருக்கிறது. கோடையில் அதைக் கோழிகூடக் கால் நனையாமல் கடந்துவிடும். இதே ஆறுதான் 1956 நவம்பர் 23-ஆம் தேதி பெருக்கெடுத்து அரியலூருக்கு அருகே ரயில் பாலத்தைக் குலைத்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜிநாமா செய்தார். ஆகவே காய்ந்து கிடக்கும் ஆற்றைப் பார்த்து யாரும் இளக்காரமாகப் பேசக்கூடாது.

தெற்கே திருமானூரைத் தாண்டினால் கொள்ளிடம். அகலத்தைப் பார்த்தால் கண் நிறையும். ஆனால் கொள்ளிடம் காவிரிக்கு வடிகால், வீட்டுக்குப் பின்கட்டு மாதிரி. காவிரியில் மிஞ்சியதுதான் அதற்கு வரும். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்ததிலிருந்து ஜூன் 12-ஆம் தேதி திறப்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தண்ணீர் போதாத ஆண்டுகளில் அந்தத் தேதியும் தள்ளிப்போகும். புள்ளம்பாடி வாய்க்காலுக்குத் தண்ணீர் வர அதன் பிறகும் சில வாரங்கள் ஆகும். அதாவது, பள்ளிக்கூடம் மூடியிருக்கும்போது ஆறும் மூடியிருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் ஆறும் திறக்கிறது. எங்கள் குழந்தைகளுக்கும் காவிரிக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை.

அப்படியானால் நாங்கள் எல்லாரும் எங்கேதான் நீந்தக் கற்றோம்? கிணற்றில்.

பட்டணத்தார் கிணறு என்றதும் உறையும் உருளையும் வாளியும் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்து வயற்காட்டுக் கிணறு அப்படியல்ல. ஒரு வீட்டையே உள்ளே இறக்கி வைக்கலாம், அவ்வளவு பெரிய சதுரப் பள்ளம். ஒரு பக்கச் சுவரில் கல்லைத் துருத்தி வைத்துப் படி கட்டியிருக்கும். கமலை இறைத்த காலத்தை நான் பார்த்ததில்லை. நான் பையனாக இருந்தபோது பம்பு செட்டு வந்துவிட்டது. மோட்டார் ஓடும்போது தண்ணீர் இறங்கும், கரண்டு போனால் ஊறும். கரண்டு போவது விவசாயிக்குக் கஷ்டம், எங்களுக்குக் கொண்டாட்டம்.

முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கற்றவர்கள் என் அப்பா தலைமுறை. எங்கள் காலத்தில் டிராக்டர் டியூப் வந்தது. அது கிடைக்காதவர்களுக்கு வாழைமட்டை, அதுவும் இல்லாவிட்டால் இடுப்பில் ஒரு கயிறு. தவளை நீச்சல், மல்லாக்க நீச்சல், முங்கு நீச்சல், கால் மட்டும் அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும் நீச்சல் என்று எங்களுக்குள் வகுப்புகள் உண்டு. அடியில் போய்க் கைநிறையச் சேறு அள்ளிக்கொண்டு வருகிறவன்தான் பாஸ். சேறு இல்லாமல் வந்து, "தொட்டுட்டேன்டா" என்று சத்தியம் செய்கிறவன் அடுத்த வருஷமும் அதே வகுப்பில் இருக்க வேண்டியதுதான்.

எங்களுக்கு ஒரு வாத்தியார் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் அல்ல. கிணறு வெட்டுவது அவர் தொழில். ஊரில் எங்களைப் போன்ற பொடிப்பையன்கள்கூட அவரைப் பெயர் சொல்லி, 'வா, போ' என்று பேசிய காலம். கிணற்று மேட்டில் மட்டும் நாங்கள் அவரை 'வாத்தியாரே' என்போம். அவர் மேட்டில் குந்திக்கொண்டு, பீடியை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்தபடி, மேலிருந்தே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

முதல் பாடம் நீந்துவதல்ல, மிதப்பது. "தம்பி, கையக் காலப் போட்டு அடிக்காதீங்க. மல்லாந்து படுத்துக்கிட்டு வானத்தப் பாருங்க. மூச்ச உள்ள வச்சிருந்தா தண்ணி உங்கள வச்சுக்கும்" என்பார். ஒரு வாரம் முழுவதும் எங்களை மல்லாக்கப் படுக்க வைத்தார். கிணற்றின் நான்கு சுவர்களுக்கு நடுவே வானம் ஒரு நீலச் சவுக்கமாகத் தெரியும். காதுக்குள் தண்ணீர் போய் உலகத்துச் சத்தமெல்லாம் நின்றுவிடும். அந்த அமைதியைப் பிற்காலத்தில் வேறு எங்கும் நான் கண்டதில்லை.

இரண்டாவது பாடம் எந்தத் தண்ணீரைக் கண்டாலும் இன்றும் எனக்கு ஞாபகம் வருகிறது. "எறங்குறதுக்கு முன்னால ஏறுற எடத்தப் பாத்துக்குங்க." எவ்வளவு ஆசையாக இருந்தாலும், குதிப்பதற்கு முன்னால் படி எந்தப் பக்கம், எத்தனை கல் தண்ணீருக்குள் இருக்கிறது, எது ஆடுகிறது என்று அவரிடம் ஒப்பிக்க வேண்டும்.

மூன்றாவது பாடம்: "முழுகுறவனுக்குக் கையக் குடுக்காதீங்க. துண்டக் குடுங்க." முழுகுகிறவன் எதைப் பிடித்தாலும் விடமாட்டான். உங்கள் கழுத்தைப் பிடித்தால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். துண்டின் ஒரு நுனியைப் பிடித்தால் இழுத்துப் போடலாம், முடியாவிட்டால் விட்டுவிட்டு வேறு ஆளைக் கூப்பிடலாம்.

இவ்வளவு சொல்லிக்கொடுத்தவர் ஒரு நாள்கூட எங்களோடு தண்ணீரில் இறங்கவில்லை. ஒரு கோடையில் நான் கேட்டேவிட்டேன்.

"வாத்தியாரே, நீங்க ஏன் எறங்கவே மாட்டேங்கிறீங்க?"

அவர் சிரித்தார். "இந்தக் கெணத்துல மண்ணு எடுத்தது நாந்தான் தம்பி. மண்ணு எடுக்கத்தான் நான். தண்ணி எடுக்க இல்ல" என்றார்.

அடிமண்ணை வெட்டி, பாறைக்கு வெடி வைத்து, ஊற்றுக் கண்ணைத் திறந்து விட்டவர் அவர். ஊற்று வந்து, பூஜை போட்டு, பொங்கல் வைத்த பிறகு அந்தத் தண்ணீர் அவருடையது அல்ல என்று ஆகிவிட்டது. மகாராஷ்டிரத்தில் மஹாட் நகரத்துப் பொதுக்குளத்தில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20-ஆம் தேதி. எங்கள் வாத்தியார் இந்தப் பதிலைச் சொன்னது அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு. அரசியல் சட்டம் கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே எல்லாருக்கும் உரிமை கொடுத்திருந்தது. அந்தச் சட்டம் எங்கள் கிணற்று மேடு வரைக்கும் வந்திருந்தது. படி இறங்கவில்லை.

அவர் நீந்தி ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். கொள்ளிடத்தில் புதுத்தண்ணீர் வந்த ஆடி மாதம். ஆறு யாருடைய பட்டாவிலும் இல்லை அல்லவா? நரைத்த தலை ஒன்று நுரைக்கும் செத்தைக்கும் நடுவே அவசரமே இல்லாமல் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. கரையேறி வேட்டியைப் பிழிந்துகொண்டே, "ஏறுற எடம் நூறு கெஜம் கீழ தள்ளிப் போயிருச்சு, பாத்தீங்களா?" என்றார். பாடம் நடத்துவதை அங்கேயும் விடவில்லை.

இனி, கிணற்றுக்கு வெளியே நின்ற இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் அக்கா. நாங்கள் குதித்துக் கும்மாளமிடும்போது துணிகளையும் துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இட்ட வேலை தலை எண்ணுவது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." என்று எண்ணிக்கொண்டே இருப்பாள். ஒரு தலை குறைந்தால் அடுத்த தலை எழும்பும் வரைக்கும் எண்ணிக்கை அப்படியே நிற்கும். அவளுடைய கோடை விடுமுறைகள் எல்லாம் அந்த எண்ணிக்கையில் போயின. பெண் பிள்ளை தண்ணீரில் இறங்குவதாவது என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம். சொல்லாத சட்டங்களைத்தான் யாரும் மீறுவதில்லை.

இந்தச் சட்டத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பத்திரிகைகளில் அவ்வப்போது படிக்கிறோம். 2022 ஜூன் 5-ஆம் தேதி கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணைக்கு அருகே குளிக்கப் போன பெண்களும் சிறுமிகளுமாக 7 பேர் மூழ்கினார்கள். 2023 பிப்ரவரி 15-ஆம் தேதி கால்பந்துப் போட்டிக்காக வந்த புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிச் சிறுமிகள் 4 பேர் கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் போனார்கள். பந்தை உதைத்து விளையாட ஊர் விட்டு ஊர் வந்த தைரியசாலிகள் அவர்கள். தைரியம் வேறு, தண்ணீரில் மிதக்கும் வித்தை வேறு. ஆண்களும் தப்பவில்லை. அதே 2023-இல், ஏப்ரல் 5-ஆம் தேதி, சென்னைக்கு அருகே மூவரசம்பட்டுக் கோயில் குளத்தில் தீர்த்தவாரியின்போது 5 இளைஞர்கள் இறந்தார்கள்.

இப்படிப்பட்ட செய்திகளை ஊன்றிப் படித்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஒருவர் பள்ளத்தில் கால் வைக்கிறார். அவரைப் பிடிக்க அடுத்தவர் கையை நீட்டுகிறார். அவரைப் பிடிக்க மூன்றாமவர். தண்ணீர் கொல்வது ஒருவரை, மற்றவர்களைக் கொல்வது அன்பு. கரையில் அவர்களுடைய துண்டும் துப்பட்டாவும் கிடந்திருக்கும். கையைக் கொடுக்காதே, துண்டைக் கொடு என்று சொல்ல ஒரு வாத்தியார் இருந்ததில்லை.

ஆற்றிலே பள்ளம் எப்படி வருகிறது என்று பட்டணத்து நண்பர்கள் கேட்கலாம். ஆறு தானாக ஏற்படுத்தும் மடு உண்டு, அதை ஊர்க்காரர்கள் அறிவார்கள். மணல் அள்ளியதால் ஏற்படும் பள்ளத்தை யாரும் அறியமாட்டார்கள். கோடையில் தோண்டிய குழியின் மேல் ஆடியில் தண்ணீர் பரவிவிட்டால், மேலே எல்லாம் ஒரே சமனாக மின்னும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடுவார். குழியின் விளிம்பில் கால் ஊன்றி ஏறலாம் என்றால் மணல் சரிந்து மேலும் உள்ளே தள்ளும். போன வருஷம் குளித்த இடமாயிற்றே என்ற தைரியம் இங்கே உதவாது. பெயர்தான் பழைய கொள்ளிடம், அடித்தளம் புதியது.

எங்கள் அரியலூர்ப் பக்கத்துக்கு என்றே விசேஷமாக இன்னொரு நீர்நிலை உண்டு. எங்கள் மண் ஒரு காலத்தில் கடலடி. ஏழு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே அலை அடித்துக்கொண்டிருந்தது. அப்போது வாழ்ந்த சிப்பிகளும் சுருள் சுருளான நத்தைச் சாதிகளும் கல்லாக உறைந்து கிடக்கின்றன. வாரணவாசியில் அவற்றுக்காக ஒரு காட்சிசாலையே வைத்திருக்கிறார்கள். அந்தச் சிப்பிக் கடல் விட்டுப்போனதுதான் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் இருப்பதால் சிமெண்டு ஆலைகள். ஆலைகள் இருப்பதால் சுரங்கப் பள்ளங்கள். கல் தீர்ந்ததும் கைவிட்ட பள்ளங்களில் மழைத்தண்ணீரும் ஊற்றும் சேர்ந்துவிடுகின்றன. கடல் பழைய ஞாபகத்தில் திரும்பி வந்துவிட்டதோ என்று நினைக்கும்படி அவ்வளவு அழகான நீலப்பச்சைத் தண்ணீர். கிணறு, குளம், ஆறு எல்லாம் வற்றிய அக்கினி நட்சத்திரத்திலும் அது வற்றாது. பையன்கள் அங்கே போகாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் வாத்தியாரின் கேள்வியை அங்கே கேட்டுப் பாருங்கள். ஏறுகிற இடம் எங்கே? இல்லை. வெடி வைத்துப் பிளந்த செங்குத்துச் சுவர். கைப்பிடிக்கும் கல் கையோடு வரும். கரையிலிருந்து இரண்டடி தள்ளினால் ஆழம் எத்தனை ஆள் என்று தெரியாது. மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கீழே போனால் குளிர் உடம்பைக் குறுக்கிப் பிடிக்கும். மூச்சு வாங்கும், கை சோரும், பிடிக்க ஒன்றும் இல்லை. நன்றாக நீந்தத் தெரிந்த பையன்களே அங்கே சிக்கிக்கொள்கிறார்கள். சுண்ணாம்புப் பள்ளத்து நீலத்தைக் கண்ணால் பார்த்து ரசிக்கலாம். உடம்பால் ரசிக்கக்கூடாது.

கரைவெட்டி ஏரியையும் சொல்லிவிடுகிறேன், நண்பர்கள் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். கீழப்பழுவூரிலிருந்து திருமானூர் போகிற வழியில் திரும்பினால் வரும். 450 ஹெக்டேருக்கும் மேல் பரப்பு. புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீரால் நிறைவது. 2024 ஜனவரியில் உலகச் சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் இதையும் சேர்த்தார்கள். இமயமலையைத் தாண்டிப் பறக்கும் வரித்தலை வாத்து குளிர்காலத்தில் இங்கே வந்து இறங்குகிறது. அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஏரியை விட்டுக்கொடுப்பதுதான் மரியாதை. நாம் கரையில் நின்று பார்க்கலாம்.

இப்படியே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தால் மிஞ்சுவது கிணறுதான் என்று சொன்னேன். அந்தக் கிணற்றுக்கும் இப்போது கெடு வந்துவிட்டது. ஆழ்குழாய்க் கிணறு வந்தபின் நிலத்தடி நீர் கீழே கீழே போய்விட்டது. திறந்த கிணறுகள் பல வறண்டு, சிலவற்றில் குப்பை, சிலவற்றில் கருவேலஞ்செடி. எங்கள் கிராமத்தில் நான் குதித்த கிணறுகளில் மூன்றைத் தூர்த்துவிட்டார்கள். பட்டணத்துக் குழந்தையாவது மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, நீலக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீச்சல் பழகுகிறது. கிராமத்துக் குழந்தைக்குக் கற்கும் தண்ணீர் போய்விட்டது, கொல்லும் தண்ணீர் மட்டும் அப்படியே இருக்கிறது. கிராமத்தான் என்றால் நீந்தத் தெரிந்தவன் என்று இனிமேல் கதையில்கூட எழுத முடியாது போலிருக்கிறது.

2021-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நம் நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 30,000க்கும் மேல். இதற்கு அந்த நிறுவனம் சொல்லும் மருந்து பெரிய மருந்தல்ல. தவழும் குழந்தை தண்ணீர்ப் பக்கம் போகாமல் வேலி கட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு மிதக்கவும் நீந்தவும் கற்றுக்கொடு, பெரியவர்களுக்குக் காப்பாற்றும் முறையைச் சொல்லிக்கொடு. வங்காள தேசத்தில் கிராமத்துக் குட்டைகளிலேயே மூங்கில் மேடை கட்டி ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கற்ற குழந்தைகளிடையே சாவு வெகுவாகக் குறைந்தது. பளிங்குக் குளம் வேண்டியதில்லை. தெரிந்த தண்ணீர், ஒரு மூங்கில், ஒரு வாத்தியார் போதும். எங்கள் கிணற்று மேட்டில் இவை எல்லாம் இருந்தன. எல்லாருக்கும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாயனூர்ச் செய்தி வந்த அன்று என் அக்கா மகள் என்னிடம் வந்தாள். அப்போது அவள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, எனக்கு நீச்சல் சொல்லிக் குடு."

அக்காவைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது பெரிய சம்மதம்.

அந்தக் கோடையில் சொந்தக்காரர் ஒருவரின் வயற்கிணற்றில், படி உறுதியாக இருந்த ஒன்றில், நைலான் கயிற்றைத் தென்னையில் கட்டி இறக்கினோம். ஒரு டிராக்டர் டியூப். நான் முன்னால் இறங்கினேன். அண்ணன்காரனின் பழைய கால்சட்டையையும் பனியனையும் போட்டுக்கொண்டு அவள் வந்தாள். இரண்டாவது வாரமே ஊரில் பேச்சு வந்தது. மூன்றாவது வாரம், பேசினவர்கள் வீட்டிலிருந்தே இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி வாத்தியார் தெருவைச் சேர்ந்தவள். கிணற்றுக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, "பாத்து எறங்குங்க" என்று சொல்லிவிட்டு வரப்பு வழியாகப் போய்விட்டார்.

பழகியபின் ஒரு நாள் சுடிதாரோடு இறங்கச் சொன்னேன். தவறி விழுகிறவர்கள் கால்சட்டை மாட்டிக்கொண்டா விழுகிறார்கள்? நனைந்த துணி எப்படிக் காலைக் கட்டுகிறது, கட்டினால் பதறாமல் மல்லாந்து எப்படி மிதப்பது என்பதுதான் உண்மையான பரீட்சை. மூன்று பேரும் பாஸ்.

அக்கா வேப்பமர நிழலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசி நாள் எழுந்து வந்து, புடவையைச் செருகிக்கொண்டு, மூன்று படி இறங்கி, நான்காவது படியில் கால் வைத்துத் தண்ணீரைத் தொட்டாள். "இவ்வளவு ஜில்லுனா இருக்கும்?" என்றாள். ஐம்பது வயதை நெருங்குகிறவள். அந்தக் கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் யாரிடமும் பதில் கிடையாது.

சென்னை நண்பருக்கு நான் எழுதிய பதில் இதுதான். குழந்தைகளை அழைத்துக்கொண்டு தாராளமாக வாருங்கள். கோயிலைப் பாருங்கள், கல்லாகிப்போன சிப்பிகளைப் பாருங்கள், கரைவெட்டியைக் கரையிலிருந்து பாருங்கள். சுண்ணாம்புப் பள்ளத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். ஆற்றில் தண்ணீர் இருந்தால், அன்றைக்கு அந்தத் துறையில் குளித்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். நீந்தத்தான் வேண்டும் என்றால் ஒரு கிணறு இருக்கிறது. கயிறும் டியூபும் தயாராக வைத்திருக்கிறேன். பையனோடு பெண்ணையும் அழைத்து வாருங்கள். நாலு முழத் துண்டு ஒன்று மறக்காமல் கொண்டு வாருங்கள், அது துவட்டுவதற்கு மட்டுமல்ல.